அணைக்குக் கீழிருந்து ஒரு சுற்று



நம் நாட்டில் கோடைக்காலம் என்று தனியே ஒன்றில்லை. பள்ளி விடுமுறையே நமக்குக் கோடை. விடுமுறை தொடங்கிய முதல் சனிக்கிழமையே தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் மகிழுந்துகள் எறும்புச் சாரை போல ஊரத் தொடங்கிவிடும். காலையில் ஏறி, தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்து, ஸ்ட்ராபெரி வாங்கி, அவித்த மக்காச்சோளம் தின்று, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவோர் பலர். அவர்களுள் எவரும் லெம்பா பெர்த்தாமுக்கு வருவதில்லை. ரிங்லெட்டில் அவர்கள் தானா ராத்தாவை நோக்கி மேலே போகிறார்கள். நாங்கள் பள்ளத்தாக்கை நோக்கிக் கீழே இறங்குகிறோம். இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நெகிழிக் கூரை வேய்ந்த காய்கறித் தோட்டங்கள், உரக்கடைகள், சிறு வீடுகள், நடுவே பெரும்பாலான நாள்களில் அடங்கி ஓடும் ஓர் ஆறு. அவ்வளவுதான்.

2014ஆம் ஆண்டு முதல் தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டிலிருந்தே வரலாறு தனிப் பாடமாக நடத்தப்படுகிறது. மலாக்காவின் மாட்சியை ஒருநாள் கற்பித்துக் கொண்டிருந்தேன். அப்போது தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், நம்ம ஊரு எந்தப் பக்கத்துல வருது?” என்று கேட்டாள். புத்தகத்தைப் புரட்டி எந்தப் பக்கத்திலும் அது வரவில்லை என்று கண்டபின்னரே கேட்டிருக்கிறாள். பிறகு சொல்கிறேன் என்று உட்கார வைத்துவிட்டேன். அந்தப் ‘பிறகு’ பல மாதங்கள் ஆகிவிட்டது. இக்கட்டுரை அவளுக்குச் சொல்ல வேண்டியதை எனக்கு நானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளும் முயற்சி.

சென்ற விடுமுறையில் கிள்ளானிலிருந்து தம்பி குடும்பத்துடன் வந்திருந்தான். பிள்ளைகள் இருவரும் மலையைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார்கள். மத்தியதரைக் கடல் தீவுகளுக்கு விடுமுறையில் செல்வோர், வாடகைக்கு ஒரு மகிழுந்து எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பி, கரையோரமாகத் தீவை ஒரு சுற்றுச் சுற்றி இரவுக்குள் விடுதிக்குத் திரும்புவார்கள் என்று பயணக் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். எங்கள் மலையையும் இன்று அப்படிச் சுற்றலாம். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் வழியாக வடக்கே கம்போங் ராஜா சென்று, சிம்பாங் பூலாய்க்கு இறங்கி, நெடுஞ்சாலையில் தெற்கே தாப்பாவுக்கு வந்து, பழைய சாலையில் மீண்டும் ரிங்லெட்டுக்கு ஏறிவிட்டால் வட்டம் முடிந்துவிடும். எழுபதைத் தாண்டிய எங்கள் அம்மாவும் வருகிறேன் என்றார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்தெடுத்து, அங்கேயே ஓய்வு பெற்றவர் அவர். வாழ்நாள் முழுவதும் இம்மலையில் இருந்தும் இம்மலையை அவர் ஒருமுறைகூடச் சுற்றிப் பார்த்ததில்லை.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம்.

முதல் நிறுத்தம் ரிங்லெட்டைத் தாண்டியதும் வரும் அணைக்கட்டு. சுல்தான் அபு பாக்கார் அணை 1963இல் கட்டி முடிக்கப்பட்டது. உயரம் ஏறத்தாழ 40 மீட்டர். பயணிகள் ஏரியின் பச்சை நீரைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் இம்மலையின் வரலாற்றில் தேயிலைக்கு நிகரான வியப்பு இந்த ஏரிக்கு அடியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பெர்த்தாம் ஆறு பிரிஞ்சாங் மலைப்பக்கம் பிறந்து, தானா ராத்தா ஊரின் ஊடே ஓடி, ராபின்சன் அருவியாக விழுந்து, இங்கே வருகிறது. அதன் இயல்பான வழி கிழக்கு. லெம்பா பெர்த்தாமைக் கடந்து தெலோம் ஆற்றில் கலந்து, ஜெலாய் ஆறாகி, பகாங் ஆறாகிப் பெக்கான் அருகே தென்சீனக் கடலைச் சேர வேண்டிய நீர் அது. 1950களின் இறுதியில் தொடங்கிய மின்திட்டம் அதன் போக்கை மாற்றியது. வடக்கே உள்ள தெலோம் ஆற்று நீரையும் சுரங்கக் கால்வாய் வழியே பெர்த்தாமுக்குத் திருப்பி, இரண்டையும் இந்த ஏரியில் தேக்கி, நடுமலைத் தொடரைக் குடைந்து மேற்கே பேராக் மாநிலத்துக்குள் விட்டார்கள். அங்கே ஜோர் என்னுமிடத்தில் உள்ள மின்நிலையத்தில் 25 மெகாவாட் வீதம் நான்கு பொறிகள் சுழல்கின்றன. தென்சீனக் கடலுக்குப் போக வேண்டிய நீர் மலாக்கா நீரிணைக்குப் போகிறது. பகாங்கில் உள்ள அணைக்குப் பகாங் சுல்தானின் பெயர். பேராக்கில் உள்ள மின்நிலையத்துக்குப் பேராக் சுல்தான் யூசுப்பின் பெயர். இரு மாநிலமும் ஓர் ஆற்றைப் பங்கிட்டுக்கொண்டதற்கு இவ்விரு பெயர்களும் சான்று.

“அணை கட்டறப்ப எனக்குப் பத்து வயசு. மலைக்குள்ள வெடி வைக்கிற சத்தம் லயத்துக்குக் கேக்கும். தகரமெல்லாம் அதிரும்” என்றார் அம்மா. பிள்ளைகள் தண்ணீரையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். ஏரியின் ஓரத்தில் சேறு வாரும் இயந்திரம் நின்றிருந்தது. மேலே மலைச் சரிவுகளை வெட்டிப் பயிர்செய்யப் பயிர்செய்ய, மழையில் கரையும் மண்ணெல்லாம் இந்த ஏரிக்குத்தான் வந்து சேர்கிறது. நீருக்கு இருக்க வேண்டிய இடத்தைச் சேறு பிடித்துக்கொண்டால் கனமழை நாளில் ஏரி என்ன செய்யும்? அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏரிக்கரையை ஒட்டி ஹாபு. போ தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் சாலை இங்கேதான். (‘போ’ என்று பெயர் வைத்துவிட்டு வா என்று அழைக்கிறார்களே என்று என் மாணவர்கள் சிரிப்பார்கள். சீனாவின் புகழ்பெற்ற தேயிலை மலையான போகியாவின் பெயரிலிருந்து வந்தது அது என்று நான் விளக்குவேன். அதற்குள் சிரிப்பு அடங்கியிருக்காது.)

தேயிலைக்கு முன் சாலையைச் சொல்ல வேண்டும். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைகளில் அலைந்து, நடுவே மென்சரிவான ஒரு மேட்டுநிலம் இருப்பதாக எழுதி வைத்தார். ஆனால் அதை நிலப்படத்தில் தெளிவாகக் குறிக்கவில்லை. அவருடைய பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. அவருக்கு வழிகாட்டிச் சென்றவர் கூலோப் ரியாவ் என்பர்.  இவ்விருவருக்கும் பன்னெடுங்காலம் முன்பிருந்தே செமாய் முதலான பூர்வக்குடி மக்கள் இங்கே வாழ்ந்து வருகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை யாரும் எதையும் ‘கண்டுபிடிக்க’ வேண்டியிருக்கவில்லை!

கேமரன் கண்ட மேட்டுநிலம் நாற்பது ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மேலேறி வந்து பார்த்து, இதை மலைவாசத் தலமாக்கலாம் என்று முடிவுக்கு வந்தபின்னரே சாலை வேலை தொடங்கியது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். காட்டை வெட்டி, பாறையை உடைத்து, மழையிலும் மலேரியாக் காய்ச்சலிலும் நடந்த வேலை. 1931இல் சாலை முழுமை பெற்றது. வெள்ளைக்காரத் துரைமார்கள் தத்தம் குடும்பத்தாரை மகிழுந்தில் ஏற்றிக்கொண்டு குளிர்காய வந்தார்கள். கால்ப் திடல், மாளிகைகள், கணப்பு அடுப்பு வைத்த விடுதிகள் எல்லாம் அந்தப் பத்தாண்டில் எழுந்தவை. மலையைச் சுற்றும் பொழுதுபோக்கு அப்போது தொடங்கியதுதான்.

அந்நாளில் மலாயாவின் பொதுப்பணித் துறைச் சாலைகளிலும் தொடர்வண்டிப் பாதைகளிலும் உழைத்தோரில் தமிழர் மிகுதி என்பது நாம் அறிந்த செய்தி. இந்தச் சாலையின் எந்த வளைவிலாவது அதை வெட்டியவர்களின் பெயர் பொறித்த கல் இருக்கிறதா என்று போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறேன். ஒன்றும் கண்ணில் பட்டதில்லை.

1929இல் ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய மில்ன் என்ற துரையுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். உலகமே பொருளாதார வீழ்ச்சியில் விழுந்து கொண்டிருந்த ஆண்டு அது. ரப்பரும் ஈயமும் விலையிழந்த போதும் மக்கள் தேநீர் குடிப்பதை நிறுத்தமாட்டார்கள் என்று அவர் கணக்கிட்டிருக்க வேண்டும். 1933இல் அவர் இறந்துவிட்டார். அதே 1933இல் பாரத் தேயிலைத் தோட்டமும் தொடங்கப்பட்டது. அது இந்தியர் ஒருவர் தொடங்கியது; தானா ராத்தாவுக்குப் போகும் வழியில் சாலையை ஒட்டியே இருப்பதால் எல்லாரும் நின்று படம் எடுக்கும் தோட்டம்.

போ தோட்டத்தின் தொடக்கத்தைச் சொல்லும்போது, தொழிலாளர்களையும் கோவேறு கழுதைகளையும் ஒரேயொரு நீராவி உருளையையும் கொண்டு காடு திருத்தப்பட்டது என்று சொல்வது வழக்கம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வரும். உருளை ஒன்று என்பது எண்ணிச் சொல்லப்படுகிறது. ஆள்கள் எத்தனை பேர் என்று சொல்லப்படுவதில்லை.

அந்த ஆள்கள் வந்த வழியை நாம் ஓரளவு சொல்ல முடியும். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் அடைபட்டுக் கிடந்து, பின்னர் தொடர்வண்டியிலும் லாரியிலும் தோட்டத்துக்கு வருவது அக்காலத்து முறை. கங்காணிமார் தம் ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்தனர். 1938இல் பிரித்தானிய இந்திய அரசு இத்தகைய ஆள்சேர்ப்புக்குத் தடை விதித்தது. ஆகவே கேமரன் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி வழியில் தமிழகத்திலிருந்து நேரே ஆள் வந்த காலம் பத்தாண்டுகூட இல்லை. 1929க்கும் 1938க்கும் இடைப்பட்ட அந்தச் சிறு காலத்தில் வந்தவர்களும், மலாயாவின் பிற தோட்டங்களிலிருந்து ஏறி வந்தவர்களும், அவர்தம் வழிவந்தோருமே மலைச்சரிவுகள் முழுவதையும் பச்சையாக்கினர். என் தாத்தா வந்த கப்பல் ரஜூலா. 1926இல் கட்டப்பட்டு நெடுங்காலம் ஓடிய அந்தக் கப்பலின் பெயரை அறியாத தோட்டக் குடும்பம் நம்மிடையே குறைவு.

தானா ராத்தாவில் பசியாறினோம். ரொட்டி சானாய் சுடச்சுடக் கிடைத்தது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் பிரிஞ்சாங். மலைமேல் இத்தனை அடுக்குமாடிகள் ஏன் என்று தம்பி கேட்டான். எனக்கும் விடை தெரியாது. ஜிம் தாம்சன் காணாமற்போன மாளிகை எங்கே என்று தம்பி மனைவி கேட்டாள். தாய்லாந்துப் பட்டுக்குப் பெயர்பெற்ற அந்த அமெரிக்கர் 1967 மார்ச் 26 அன்று, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், இங்கே ஒரு மாளிகையிலிருந்து வெளியே நடந்து சென்றவர் திரும்பவே இல்லை. படையினர், காவல் துறையினர், பூர்வக்குடியினர் எனப் பல நூறு பேர் தேடினர். இன்றுவரை அவரைப் பற்றி நூல் எழுதப்பட்டு வருகிறது. காணாமற்போன ஒருவருக்கு அத்தனை பக்கங்கள். என் மாணவி கேட்டது ஒரு பக்கம்தான்.

சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போகும் சாலையில் ஒரு வண்டி போனால் மற்றொன்று ஒதுங்க வேண்டும். தேநீர்க்கூடத்தின் தளம் சரிவின்மேல் நீண்டு நிற்கிறது. அங்கே நின்று பார்த்தால் தேயிலைச் செடிகள் சீப்பால் வாரிய தலை போல வரிவரியாகத் தெரியும். பிள்ளைகள் முதன்முறையாக வாயடைத்துப் போனார்கள். ஒரு கடையில் கூடை சுமந்து கொழுந்தெடுக்கும் பெண்ணின் படம் அச்சிட்ட நினைவுப் பொருள்கள் இருந்தன. அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

“கையில கிள்ளுனது நான் வேலைக்குப் போன புதுசுல. ரெண்டு இலையும் குருத்தும். அப்புறம் கத்திரி வந்திருச்சு, வெட்டி வெட்டிப் பையில தள்ளணும். நான் நிக்கிறப்ப மிசினு. ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிச்சுக்கிட்டு நடக்கணும். படத்துல மட்டும் இன்னும் கூடையே தூக்கிட்டிருக்கா.”

அவர் சொன்னது உண்மையே. இன்று அந்த இயந்திரத்தைப் பிடித்து நடப்போர் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள். லயங்களில் இன்னும் நம் குடும்பங்கள் சில உள்ளன. தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. போவிலும் சுங்கை பாலாஸிலும் புளூ வேலியிலும் காலையில் மணி அடிக்கிறது. ஆனால் படித்த பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள். போகட்டும், போகத்தானே படிக்க வைக்கிறோம். ஆனால் போகிற பிள்ளை தன் ஊருக்கு ஒரு வரலாறு உண்டு என்று தெரியாமலே போகிறதே என்பதுதான் என்னை உறுத்துகிறது.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. லயத்து வீடு வேலை செய்பவருக்கு உரியது. பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் வீடு தங்கும். இல்லையேல் சாவியைத் திருப்பித் தர வேண்டும். எங்கள் வீட்டில் நானும் தம்பியும் தோட்டத்தை விட்டு வெளியேறினோம். நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்குப் போன அன்று அம்மா பெருமைப்பட்டார். அதனால் தம் வீடு போகும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. ஓய்வு பெற்றபின் லெம்பா பெர்த்தாமில் வாடகை வீடு பார்த்துக் குடிவந்தோம்.

இதற்கும் முன்னே இன்னொரு பிரிவு நடந்தது. 1968இல் வந்த சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதோர் வேலை உரிமம் பெற்றுத்தான் வேலை செய்ய முடியும் என்றானது. குடியுரிமைத் தாளை அந்தக் காலத்தில் யார் ஒழுங்காகப் பதிந்து வைத்தார்கள்? சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்கள் பலர். நாடெங்கும் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு தமிழகம் திரும்பினர். என் தாய்மாமனும் அவர்களுள் ஒருவர். தாத்தா வந்திறங்கிய அதே ரஜூலாவில் ஏறிப் போனார். அம்மாவிடம் அவர் எழுதிய இரண்டு கடிதங்கள் இருக்கின்றன.

கியா பார்ம் சந்தைப் பக்கம் நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை; போனவர்களுக்குத் தெரியும். திரிங்காப், கோல தெர்லா, கம்போங் ராஜா என்று வடக்கே செல்லச் செல்லத் தேயிலை குறைந்து நெகிழிக் கூரைகள் பெருகும். முன்பெல்லாம் கம்போங் ராஜாவுக்கு அப்பால் மகிழுந்தில் இறங்க நல்ல வழியில்லை. 2000களின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாய்ச் சாலை திறக்கப்பட்ட பிறகே எங்கள் மலைக்கு இரண்டாவது வாசல் கிடைத்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் அண்மைக்காலம் வரை, பகாங்கின் மற்ற ஊர்களுக்குப் போக வேண்டும் என்றாலும் பேராக்குக்கு இறங்கித்தான் போக வேண்டும். லெம்பா பெர்த்தாம் வழியாகச் சுங்கை கோயானுக்கு ஒரு நல்ல சாலை அமைந்தது இந்த நூற்றாண்டில்தான். ஆறு மட்டும்தான் அதுவரை பகாங்குக்கு நேர்வழி அறிந்திருந்தது. அதையும் திருப்பிவிட்டார்கள்.

சிம்பாங் பூலாய்ச் சாலை அகலமானது, வளைவுகள் மென்மையானவை. பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். ஈப்போவில் பகலுணவு முடித்து நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, மாலை நான்கரைக்குத் தாப்பாவில் திரும்பினோம். இனி ஏற வேண்டியது பழைய சாலை.

இச்சாலையில் ஏறும்போது அம்மா எப்போதும் அமைதியாகிவிடுவார். அவசரகாலத்தில் (1948–1960) இக்காடுகள் கம்யூனிஸ்டுப் போராளிகளின் களமாக இருந்தன. வண்டிகள் தனித்தனியே ஏற முடியாது. படைவண்டிகளின் காவலோடு அணியாகத்தான் ஏற வேண்டும். 1950க்குப் பின் பிரிக்ஸ் திட்டத்தின்படி சிதறி வாழ்ந்தவர்களைப் புதுக்கிராமங்களில் கம்பி வேலிக்குள் குடியமர்த்தினர். தோட்டத் தொழிலாளரின் லயங்களையும் வேலி சூழ்ந்தது. சோறு மலைக்குள் போய்விடக்கூடாது என்று வேலைக்குப் போவோரைச் சோதித்த காலம். அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது பாட்டி அவரை மடியில் வைத்துக்கொண்டு, மருத்துவமனைக்காக இந்தச் சாலையில் லாரியில் இறங்கியிருக்கிறார். அம்மாவுக்கு அது நினைவில் இல்லை. பாட்டி சொல்லக் கேட்டதுதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அமைதியாகிவிடுகிறார்.

கோல வோவுக்குப் பிரியும் இடத்தைத் தாண்டியபோது நான் பிள்ளைகளை எழுப்பினேன். “காலையில் பார்த்த ஏரி நினைவிருக்கிறதா? அந்தத் தண்ணீர் இந்த மலைக்குள்ளேயே வந்து ஜோரில் மின்சாரம் எடுத்து, வோவில் மறுபடி மின்சாரம் எடுத்து, இந்தப் பக்கம் இருக்கும் ஆற்றில் சேர்ந்துவிடுகிறது” என்றேன். வோ நிலையம் 150 மெகாவாட், 1960களின் பிற்பகுதியில் வந்தது. ஒரே நீரை இரண்டு முறை வேலை வாங்குகிறார்கள்.

“அத்தை, அப்போ இது உங்க வீட்டு ஆறா?” என்றான் பெரியவன்.

அம்மா சாளரக் கண்ணாடியை இறக்கினார். “நம்ம தண்ணியா இது? பாருடி, நமக்கு முன்னாடியே எறங்கி வந்திருச்சு” என்றார்.

லாதா இஸ்கண்டார் அருவியில் ஐந்து நிமிடம். பிறகு வளைவு, வளைவு, வளைவு. சின்னவள் ஒருமுறை வாந்தி எடுத்தாள். ரிங்லெட்டில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அங்கிருந்து வழக்கம்போல நாங்கள் கீழே இறங்கினோம்.

காலையில் சொல்வதாகச் சொன்னதை இப்போது சொல்லிவிடுகிறேன். 2013 அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளை. இடைவிடாத மழை. ஏரி நிரம்பி அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. ஐம்பது ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த பெர்த்தாம் ஆறு ஒரே இரவில் தன் பழைய அகலத்தை நினைவுபடுத்திக் கொண்டது. கரையோர வீடுகளும் மகிழுந்துகளும் அடித்துச் செல்லப்பட்டன. உயிர்கள் போயின. ஆறு சுருங்கியிருந்த காலத்தில் அதன் மடியிலேயே வீடும் தோட்டமும் அமைந்துவிட்டிருந்தன. மேலே ஏரியில் சேறு. இரண்டும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? மறு ஆண்டு, 2014 நவம்பரிலும் சேற்று வெள்ளம் வந்து மீண்டும் உயிர்களைக் கொண்டு போயிற்று. அதன் பிறகு மேலே உரிமமின்றி வெட்டப்பட்ட நிலங்கள்மீது அரசு நடவடிக்கை எடுத்தது. ஏரியில் சேறு வாரும் வேலை நடந்து வருகிறது. கனமழை பெய்யும் இரவுகளில் எங்கள் ஊரில் பலர் உடுத்திய உடையோடுதான் படுக்கிறோம். எச்சரிக்கை ஒலி கேட்கிறதா என்று ஒரு காது விழித்தே இருக்கும்.

அன்றிரவு மழையில்லை. தம்பி வண்டியை ஆற்றோரமாக நிறுத்தினான். பிள்ளைகள் கைப்பேசி விளக்கை அடித்து ஆற்றைத் தேடினார்கள். கற்களுக்கிடையே கொஞ்சம் நீர் மினுங்கியது. இவ்வளவுதானா என்று சின்னவள் கேட்டாள். அம்மா இறங்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளம் ஏறி நின்ற உயரத்தைக் கை தூக்கிக் காட்டினார். பிள்ளைகள் விளக்கை மேலே மேலே உயர்த்திக்கொண்டே போனார்கள்.

பள்ளி திறந்ததும் நான்காம் ஆண்டுக்கு முதல் பாடவேளை வரலாறு. வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம், எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில், எந்தச் சாலை வழியே இம்மலைக்கு வந்தார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். பூர்வக்குடி மாணவன் ஒருவன் வகுப்பில் இருக்கிறான். “நாங்க எங்கிருந்தும் வரல டீச்சர், என்ன எழுதுறது?” என்று கேட்டான். அதையே எழுது என்றேன்.